கேட்டை விட்டு நகரக் கூடாது

...மூணு தடவை தம்பி! மூணு தடவை இன்டர்காம்ல கூப்பிட்டேன். ஒரு மனுஷன் உயிர் போகப் போகுதுன்னு கத்தறான், கீழ கேட்ல நிக்கிற வாட்ச்மேன் சிரிக்கிறான். சிரிக்கிறான்ங்கறேன்! இருங்க, எங்க ஓடறீங்க? மீட்டிங்குக்கா? அது எங்க இப்ப ஆரம்பிக்கப் போகுது. இன்னும் நாற்காலியே இறக்கியிருக்க மாட்டாங்க. இந்த அடுக்குமாடிக்குச் செகரட்டரி நான் சொல்றேன், உக்காருங்க. எதிர் வீட்டுக்குக் குடி வந்திருக்கீங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. ஆஸ்பத்திரியில படுத்துக் கெடந்தேன், நேத்துதான் வீட்டுக்கு விட்டாங்க. ஐயய்யோ, அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். நானும் ஆடுறேன், அதுவும் ஆடுனா வெளங்கிடும்.

நாக்கு கொஞ்சம் கொழகொழன்னு இருக்குல்ல? புரியலேன்னா சொல்லுங்க, திருப்பிச் சொல்றேன். எனக்கென்ன, வேலையா வெட்டியா.

அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டு எந்திரிக்கிறேன், இடது கையிலேர்ந்து தட்டு நழுவி விழுது. தட்டைத் திட்டினேன். பிசுக்குப் போகாம கழுவியிருக்கிற லட்சணத்தைப் பாருன்னு. கழுவினது யாரு? நான்தான். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்ததுலேர்ந்து திட்டுறதும் நானே, வாங்கிக்கிறதும் நானே. அடுத்து கால் இழுக்குது. செருப்பை மாத்திப் போட்டுட்டமான்னு குனிஞ்சு பாக்கறேன்... செருப்பே போடல! கண்ணாடியில பாத்தா வாய் ஒரு பக்கம் தொங்குது. சிரிச்சுப் பாத்தேன். பாதி மூஞ்சி சிரிக்குது, மீதி என்கூடச் சண்டை போட்ட மாதிரி உம்முன்னு இருக்கு.

இது பக்கவாதம்னு எனக்குத் தெரியாதா? கீழ லிஃப்ட் பக்கத்துல படத்தோட ஒட்டி வெச்சிருக்கே, முகம் கோணினா, கை தளர்ந்தா, பேச்சு குழறினா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கன்னு... அதை ஒட்டினது யாரு? ஐயாதான்! ஒட்டின புத்திசாலி என்ன பண்ணினேன் தெரியுமா? வாயுத் தொல்லைன்னு சோடா குடிச்சேன். பாதி சோடா சட்டையில. சரி, செத்த நேரம் படுத்தா போயிடும்னு படுத்துட்டேன்.

டாக்டரம்மா என்ன கேட்டாங்க தெரியுமா? "சோடா குடிச்சீங்க, தூங்குனீங்க, சீட்டாட மட்டும் ஆள் கெடைக்கலையா?"ன்னாங்க. இந்த வியாதியில முழுங்கறதே ஆபத்தாம். ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டே இருக்குமாம். தனியா இருக்கிறவன் மொதல்ல போன் பண்ணணும், முடிஞ்சா கதவைத் தெறந்து வெச்சுட்டு ஒருக்களிச்சுப் படுத்துக்கணும், வேற ஒரு வீரத்தையும் காட்டக் கூடாதுன்னாங்க. நான் காட்டுனதெல்லாம் வீரம்தான்.

படுத்தவனுக்கு எந்திரிக்க முடியல. செல்போன் கைக்கு எட்டற தூரத்துலதான் இருக்கு தம்பி. ஆனா ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கிட்டு உள்ள வந்தா, பால்கனிக்குப் பால்கனி தலை எட்டிப் பாக்கும். செகரட்டரியே சாஞ்சுட்டாருன்னா நாளைக்கு எவன் நம்ம பேச்சைக் கேப்பான்? புத்தி போற போக்கைப் பாருங்க! அதனால தலைமாட்டுல இருந்த இன்டர்காமை எடுத்தேன். "யோவ், மேல வாய்யா, கை கால் வரல"ங்கறேன். வாயில வர்றதென்னவோ "யோ... மே... கா வல்ல"ன்னு வருது.

அவன் சொல்றான், "சார், இந்தத் தடவை குரல் பிரமாதம் சார்! ஆனா நான் ஏமாற மாட்டேன்." வெச்சுட்டான். ரெண்டாவது தடவையும் அதே. மூணாவது தடவை, "போதும் சார், வண்டி வருது"ங்கறான்.

ஏன் அப்படிச் சொன்னான்னு நீங்க கேக்கல. மூஞ்சி கேக்குது.

அது ஒண்ணுமில்ல தம்பி... நான் ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவன். கக்கூஸுக்குள்ள ஒளிஞ்சவனையும் கதவைத் தட்டிப் புடிப்பேன். ரிட்டயர் ஆனாலும் அந்த அரிப்பு அடங்குமா? இங்க யாரைப் புடிக்கிறது? இருக்கிறது ஒரு வாட்ச்மேன். என்ன ஆனாலும் கேட்டை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லி வெச்சேன். சொன்னா போதுமா, சோதிக்க வேணாமா? அப்பப்ப குரலை மாத்தி இன்டர்காம்ல கூப்பிடுவேன். ஒரு தடவை பொம்பளக் குரல்ல "ஐயோ பாம்பு!"ன்னு. ஒரு தடவை கெழவன் மாதிரி, "குளியலறையில விழுந்துட்டேன்பா, தூக்கி விடுபா"ன்னு. சிரிக்காதீங்க. நல்லாவே பண்ணுவேன்.

அந்தக் கெழவன் குரலுக்கு அவன் ஓடி வந்தான் தம்பி. செருப்புகூடப் போடாம, மூச்சு வாங்க. வந்தவனைப் புடிச்சு, இப்பத் திருடன் வந்தா என்ன பண்ணுவேன்னு அத்தனை பேர் முன்னாடியும் கிழிகிழின்னு கிழிச்சேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். அதுக்கப்புறம் எந்தக் குரலுக்கும் அசையல. அப்பாடா, ஆளைத் தேத்திட்டோம்னு பெருமைப்பட்டேன். த்தூ.

எப்படிப் பொழச்சேன்னு கேக்கறீங்களா? அந்தக் கதைதான் வேடிக்கை. கேட்டை விட்டு நகர ஒரே ஒரு விதிவிலக்கு குடுத்திருந்தேன். மேலேர்ந்து எவனாவது குப்பை போட்டா மட்டும் ஓடிப்போய்க் கையும் களவுமா புடிக்கணும். அது ஞாபகம் வந்துச்சு. கட்டில்லேர்ந்து விழுந்து, பால்கனிக்கு ஊர்ந்துபோய், கம்பிச் சந்துல கைக்கு வந்ததையெல்லாம் தள்ளினேன். தண்ணி மொள்ற பிளாஸ்டிக் மக்கு போச்சு, சோப்பு டப்பா போச்சு, காய்ஞ்சுக்கிட்டு இருந்த பனியன் போச்சு. மக்கு யார் கார் மேலயோ விழுந்து டமால்னு ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் விசிலை ஊதிக்கிட்டு ஓடி வர்றான்! உயிருக்கு வராதவன் மக்குக்கு வந்தான் தம்பி.

மணி அடிச்சான், தட்டினான், அவன்கிட்ட இருக்கிற மாத்துச் சாவியைப் போட்டுத் தெறந்தான். ஒரு கையில மக்கு, ஒரு கையில என் பனியன். என்னைப் பாத்ததும் ரெண்டும் கீழ விழுந்துச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவன்தான். மத்தியானத்துல லிஃப்ட் ஓடாது, கரண்ட் மிச்சம் பண்றதுக்கு ஐயா போட்ட இன்னொரு உத்தரவு. நாலு மாடி. என்னை முதுகுல போட்டுக்கிட்டு எறங்கினான். நான் என்ன பஞ்சு மூட்டையா? ஆஸ்பத்திரியில, எப்பலேர்ந்து இப்படின்னு டாக்டரம்மா கேட்டிருக்காங்க. "ஒரு மணிக்குக் கேட்ல வந்து என்னைத் திட்டினாரும்மா, அப்ப ஒரு வார்த்தை குழறல"ன்னானாம். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஒண்ணு, நேரம் தாண்டினா போடக் கூடாதாம்; அது தெரிஞ்சதாலதான் தைரியமா அதைப் போட்டாங்களாம். நான் திட்டினது நான் பொழைக்க ஒதவுச்சு, பாருங்க.

இப்பக் கீழ எதுக்கு மீட்டிங்குன்னு தெரியுமா? அவனை வேலையை விட்டு அனுப்பத்தான். மூணு தடவை கூப்பிட்டதை மட்டும் நான் சொல்லிட்டேன்; வெளியூர்லேர்ந்து என் பையன் வந்து குதிக்கிறான், மூணு போன் வந்தும் ஏன் போகலேன்னு. அதுக்கு வாட்ச்மேன் என்ன பதில் சொல்லியிருக்கான் தெரியுமா? "தூங்கிட்டேன் சார், காதுல விழல." என் குரல் வித்தையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. ஊர் சிரிக்குமேன்னு என் மானத்தைக் காப்பாத்த, அவன் சோத்துல அவனே மண்ணைப் போட்டுக்கிறான்.

பையன்கிட்ட நான் ஏன் சொல்லலையா? வெக்கம் தம்பி. வேற என்ன? அந்த வாட்ச்மேன் நாலு புள்ளைங்களுக்குச் சோறு போடணும், எனக்கு வெக்கம்! ராத்திரி பூரா சொல்லிடணும் சொல்லிடணும்னு படுத்திருந்தேன். காலையில பையன் காபி குடுத்தான், காபி நல்லா இருக்குன்னேன். அதான் உங்களைப் புடிச்சு உக்கார வெச்சேன். நீங்க போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்களேன். செகரட்டரி வந்து... சும்மா ஒரு பயிற்சிக்காக... சேச்சே, பயிற்சி என்ன பயிற்சி, கிறுக்குத்தனம்னே சொல்லுங்க. இருங்க, அந்த இன்டர்காம் எவ்வளவு தெளிவாக் கேக்கும்னு காட்டறேன், அப்பத்தான் உங்களுக்கு...

தம்பி? தம்பீ!

போயிட்டார். சரிதான். நான் பண்ணின கூத்துக்கு அவர் எதுக்குத் தூது போகணும்.

ஹலோ... யோவ், நான்தான். சோதனையெல்லாம் இல்லய்யா, நெஜமாவே நான்தான். மேல வந்து என்னைக் கூட்டிட்டுப் போ, கூட்டத்துல பேசணும். என்னது? கேட்டை விட்டு வர முடியாதா? அடப்பாவி, வேலை போகப் போற நேரத்துலயுமா! சரி சரி, வராதே. அங்கயே நில்லு. நான் எறங்கி வர்றேன். வேணாமா? எதுக்கு வேணாம்? தூங்கினேன்னு நீ சொன்னா நம்பிடுவேனா? எத்தனை பேர் பொய்யப் புடிச்சவன் நான்... நீ தூங்கலய்யா. இரு, வர்றேன்.