காட்டுமாட்டையும் ஒரு தாயையும் ஒரே பக்கத்தில் அமர்த்திய நூலகர் சந்திரவல்லி அவர்களுக்கு

மலைமுகட்டு மேகத்தை மழலையர் மடியில் இறக்கி வைத்தவரே! இருவாச்சிப் பறவையின் இறகோசையை ஏட்டுக்குள் இருத்தியவரே! அலமாரியில் இருந்த நூல்களைக் காத்ததோடு அமையாமல், அலமாரியில் இல்லாத நூல்களையும் தம் கையாலேயே ஆக்கித் தந்த அன்புருவே! எங்கள் சந்திரவல்லி அம்மையாரே! வணக்கம்.

சிலமலையில் தொடங்கி, ராசிங்காபுரத்தில் வளர்ந்து, போடிநாயக்கனூரில் நிறைந்த முப்பத்தோராண்டுப் பணி தங்களுடையது. கிழிந்த பக்கத்துக்குப் பசை தடவும்போதும், அது வலிக்குமோ என்று அஞ்சுவதுபோல் தடவிய விரல்கள் தங்களுடையவை. சனிக்கிழமை தோறும் தாங்கள் செய்த புத்தகத்தை விரித்து வைத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பேறு பெற்றவள் என்பதால், இப்பணிநிறைவு மடலை என்னையே எழுதச் சொன்னார்கள் நூலகத்தார். இலக்கணம் அறியேன், இருந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. ஊர் உறங்கும்போதே தோளில் பழைய கேமராவும் தூக்குவாளியில் புளிச்சோறுமாக, ஏலத்தோட்டத்துப் பெண்களோடு ஜீப்பில் ஏறி விடுவீர்கள். பனி விலகும்வரை ஒரு பாறையாய் அமர்ந்திருப்பீர்கள். கருமந்தியும் மலையணிலும் இருவாச்சியும் தாமாக வந்து தங்கள் கண்ணில் பட்டுப் போகும். பிறகு அந்தப் படங்களை அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி எழுதி, நூல் கோத்துத் தைத்துப் புத்தகமாக்குவீர்கள். அதைத் திறந்தால் நூலகத்து மின்விசிறிக் காற்றே சோலைக்காற்றாகும். சிமென்ட் தரை ஈரப்பாசியாகும். நாற்பது பிள்ளைகளும் மூச்சுவிட மறந்து மேகத்துக்குள் நடந்து போவார்கள். எத்தனை சனிக்கிழமைகள் நானும் அவர்களோடு போய்த் திரும்பிவர மனமின்றி நின்றிருக்கிறேன்!

ஒரு விதி வைத்திருந்தீர்கள். படத்தில் மனிதர் வரக் கூடாது, வேலி கூடாது, தகரக்கூரை கூடாது. ஏன் என்று கேட்டதற்கு, "அந்தச் சீவனுக வீட்டுக்கு நாம விருந்தாளியாப் போறோம். விருந்தாளி நடுவுல நின்னுக்கிட்டுப் படத்துல விழலாமாக்கா?" என்றீர்கள். அந்த விதியைத் தாங்கள் ஒரே ஒரு பிள்ளைக்காக மீறியதைச் சொல்லாமல் இம்மடல் நிறையாது.

ஆறாண்டுக்கு முன் ஒரு சனிக்கிழமை. காட்டுமாடு ஒன்று நேர்கொண்டு பார்க்கும் படத்தைப் பிரித்தேன். பிள்ளைகள் வாய்பிளக்க வேண்டும் என்ற ஆசையில் தரையை உதைத்தேன், சீறினேன், தலையைத் தாழ்த்திப் பாய்ந்தே காட்டினேன். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், வித்யா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது ஆறு வயது. அவள் தாய் அமுதவள்ளி மலைமேல் ஏலக்காய் எடுக்கப் போகிறவள்.

திங்கள் விடிகாலை, ஜீப் வந்து நின்றதும் அந்தப் பிள்ளை தாயின் சேலையைப் பிடித்தது, விடவில்லை. "போகாதேம்மா, மாடு இருக்கு." மறுநாளும் அதே பிடி. புதன்கிழமையும் அப்படியே. ஜீப் ஓட்டும் தங்கபாண்டி, "யம்மா அமுதா, நாளைக்கும் வரலேன்னா உன் எடத்துல வேற ஆளை ஏத்திட்டு வரச் சொல்றாங்க. நான் என்ன செய்ய?" என்று கேட்டுப் போனான். அந்த வீட்டில் சம்பாதிக்கும் கை அவள் கை ஒன்றுதான். வியாழனும் சேலை விடுபடவில்லை.

செய்தி கேட்டுத் தாங்கள் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "மாடு சீறுனதைவிட நீங்க சீறுனது கூடக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தங்கபாண்டியிடம் ஒரே ஒரு நாள் பொறுக்கச் சொன்னீர்கள். வெள்ளி விடிகாலையில் வித்யாவின் முன் குந்தி அமர்ந்து, "இன்னிக்கு உங்கம்மா கூட நான் போறேன். கூட்டிட்டு வர்றது எம் பொறுப்பு" என்றீர்கள். பிள்ளை தங்கள் முகத்தையும் கேமராவையும் மாறிமாறிப் பார்த்து, ஒவ்வொரு விரலாகச் சேலையை விட்டது.

அன்று முழுதும் தோட்டத்தை ஒட்டிய மேட்டுமேல் அமர்ந்திருந்தீர்கள். பொழுது சாயும் முன்பு பனி ஒருமுறை கலைந்ததாம். அப்போது எடுத்த படத்தைப் புத்தகத்தில் ஒட்டி மறுநாள் மாலை வித்யாவின் மடியில் விரித்தீர்கள். கீழே ஏலச்செடிகளின் ஓரம் மஞ்சள் தலைத்துண்டோடு குனிந்து காய் எடுக்கும் அமுதவள்ளி. ஓடைக்கு அப்பால், தொலைவில், புகைபோன்ற வெண்மைக்குள் வெள்ளைக்கால் காட்டுமாடு.

"மாடும் காய் எடுக்குதா?" என்றாள் வித்யா.

"புல்லுத் திங்குது ஆத்தா" என்றேன், சீறாமல்.

"அப்ப அது சோலிய அது பாக்குது, எங்கம்மா சோலிய எங்கம்மா பாக்குது." சற்று யோசித்துவிட்டுத் தங்களிடம் கேட்டாள்: "முட்டாதா?"

முட்டாது என்று தாங்கள் பொய் சொல்லவில்லை. "கிட்டப் போனா முட்டும் கண்ணு. எம்புட்டுத் தூரத்துல நிக்கணும்னு உங்கம்மாளுக்குத் தெரியும்."

திங்களன்று ஜீப்புக்கு வித்யா கையசைத்தாள். அதன்பிறகு, "எங்கம்மா எந்தப் பக்கத்துல?" என்று கேட்டு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் தாங்கள் செய்து கொடுத்த புத்தகங்கள் பதினான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு தாய். அவள் அருகே ஓர் அணிலோ, மந்தியோ, பெயர் தெரியாத ஒரு குருவியோ!

பொறுமையே பொன்னாகப் பூத்தவரே! தங்கள் கண்ணொளி குன்றாதிருக்க! கால்கள் மேடேற மறுக்காதிருக்க! சோலைகள் தங்களை அந்நியராய்க் காணாதிருக்க! நூறாண்டு நோயின்றி, நிறைவோடு வாழ்க, வாழ்க!

இம்மடலை அமுதவள்ளிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் தன் பங்குக்கும் ஒன்று எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"பிள்ளைக்கு மட்டுமா பயம்? எனக்குந்தான். யாருட்டயும் சொன்னதில்ல. அந்த வெள்ளிக்கிழமை அக்கா மேட்டுல உக்காந்திருந்தாங்கல்ல? அன்னிக்குத்தான் திரும்பித் திரும்பிப் பாக்காமக் காய் எடுத்தேன்."

இங்ஙனம்,
தங்கள் அன்பில் நனைந்த
நூலகப் பணியாளர்கள், வாசகர் வட்டத்தார்,
சனிக்கிழமைப் பிள்ளைகள்.
எழுதியவர்: கருத்தம்மாள்
போடிநாயக்கனூர்