மத்தியானம் ஒண்ணு நாப்பதுக்கு வாசித்த குரல்

ஜலீலா: அதல்ல அக்கா... நான் கேக்கறது திங்கக்கிழமை. மத்தியானம் ஒண்ணு நாப்பது. அந்த நேரத்துல உங்க சங்கரி எங்க இருந்தா?

வீரலட்சுமி: ஸ்கூல்லதான் டீச்சர். வேற எங்க போவா?

ஜலீலா: ஸ்கூல்லதான். ஆறாங்கிளாஸ்ல, என் மேசைக்கு நேர் எதிர்ல. கூடப் படிக்கிற அன்ஸியாவோட டப்பாவுல இருந்து மீன் வறுத்தது எடுத்துத் தின்னுட்டு இருந்தா.

வீரலட்சுமி: கேக்காமலா எடுத்தா?

ஜலீலா: அய்யோ, அவ குடுத்துத்தான் தின்னா! அதை விடுங்க. அதே ஒண்ணு நாப்பதுக்கு, நாங்க வீட்டுக்குக் குடுத்து விட்ட லேப்டாப்புலயும் சங்கரி உக்காந்து மலையாளம் வாசிச்சிருக்கா. ஒரு குட்டி எப்படி ரெண்டு இடத்துல இருக்கும்?

வீரலட்சுமி: அது... கம்ப்யூட்டர் கடிகாரம் நின்னிருக்கும் டீச்சர். எங்க வீட்டுச் செவுத்துக் கடிகாரம் கூட அப்பப்போ...

ஜலீலா: மூணு வாரமா தினம் ஒண்ணரைக்கும் ரெண்டேகாலுக்கும் நடுவுல மட்டும் நிக்குமா? ஞாயித்துக்கிழமை நிக்கறதே இல்ல.

வீரலட்சுமி: ஞாயித்துக்கிழமை லாண்டரி லீவு... இல்ல, நான் என்ன சொல்லுதேன்னா...

ஜலீலா: லாண்டரிக்கும் லேப்டாப்புக்கும் என்ன அக்கா?

வீரலட்சுமி: ஒண்ணுமில்ல. ஜூ டவுன் பக்கத்துல டூரிஸ்டுக தங்குத ஹோம்ஸ்டே துணியெல்லாம் நாங்கதான் துவைக்கோம். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விடுவாங்க. அதைத்தான் சொன்னேன்.

ஜலீலா: செரி. இந்த ஸ்கிரீனைப் பாருங்க. குட்டி மைக்குல வாசிச்சா, சரியா வாசிச்ச வார்த்தை பச்சையாகும், தப்பு சிவப்பாகும். நல்லா வாசிச்சா மேல் படிக்குப் போகும். சங்கரி பதினொண்ணாம் படியில இருந்தா. இப்ப எங்க இருக்கா பாருங்க.

வீரலட்சுமி: ரெண்டு.

ஜலீலா: ரெண்டாம் படி. ஒண்ணாங்கிளாஸ் பாடம்.

வீரலட்சுமி: ரெண்டுன்னா மோசமா டீச்சர்? முந்தின வாரம் ஒண்ணுதான இருந்துச்சு...

ஜலீலா: அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

வீரலட்சுமி: அது... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் டீச்சர்.

ஜலீலா: செரி, நான் ஒண்ணு போடறேன், கேளுங்க. வாசிச்சது எல்லாம் இதுல பதிஞ்சு கிடக்கும்.

வீரலட்சுமி: பதியுமா? பச்சை, சிவப்பு மட்டும்தான காட்டும்னு நெனச்சேன்!

ஜலீலா: போடறேன்... "தற... பற... பன..." ஒண்ணாம் பாடம், கேக்குதா? பின்னே, "ஏ ஆடு! போ அங்கிட்டு! சட்டியில வாய் வைக்காத!" அப்புறம் மறுபடியும் "பன..." இந்த ஆடு எங்க பாடத்துல இல்லையே அக்கா.

வீரலட்சுமி: பஜார் ரோட்டு ஆடு டீச்சர். கதவு தொறந்து கிடந்தா உள்ள வந்துரும்.

ஜலீலா: சிரிக்காதீங்க... எனக்கும் சிரிப்பு வருது. ஆனா நான் கூப்பிட்டது சிரிக்க இல்ல. நாப்பது குட்டிக்குப் பன்னெண்டு லேப்டாப்தான். யாருக்குப் படி ஏறலையோ அவங்க கையில இருந்து வாங்கி அடுத்த குட்டிக்குக் குடுக்கணும். நாளைக்கு லிஸ்ட் போடணும். முதல் பேரே சங்கரி.

வீரலட்சுமி: அய்யய்யோ! என்னாலயா?

ஜலீலா: அப்போ நீங்கதான்.

வீரலட்சுமி: நாந்தான். பிள்ளைய ஒண்ணும் செய்யாதீங்க டீச்சர், அவளுக்கு இது தெரியவே தெரியாது. சாயங்காலம் அவ வாசிக்கையில பக்கத்துல உக்காந்து பாத்தேன். கீழ் பாடத்துக்குப் போக ஒரு அம்புக்குறி இருக்குல்ல? மறுநாள் மத்தியானம் அதை அமுக்கினேன், அவ வர்றதுக்குள்ள பழைய பாடத்துக்கே மாத்தி வச்சேன்... அது அவ மார்க்கையும் சேத்து கீழ இழுக்கும்னு நான் கண்டேனா?

ஜலீலா: மலையாளம் நல்லா பேசறீங்களே. இப்ப எதுக்கு எழுத்து? லாண்டரியில கேட்டாங்களா?

வீரலட்சுமி: லாண்டரிக்கு என்னத்துக்கு எழுத்து? உங்களுக்காகத்தான் படிச்சேன்.

ஜலீலா: எனக்கா?

வீரலட்சுமி: நீங்க போன்ல மலையாளத்துல மெசேஜ் போடுவீங்கல்லா? எங்க ஊரு தென்காசிப் பக்கம், எனக்குத் தமிழ் எழுத்துதான் தெரியும். அதனால நீங்க போடுத எல்லாத்தையும் சங்கரிதான் எனக்கு வாசிச்சுச் சொல்லுவா.

ஜலீலா: நல்லதுதானே.

வீரலட்சுமி: நல்லதா! ஒரு வெள்ளிக்கிழமை "அம்மா, நாளைக்கு கிளாஸ் இல்லன்னு டீச்சர் போட்டிருக்காங்க"ன்னா. சரின்னு தூங்க விட்டுட்டேன். வேலைக்குப் போறேன், எதிர்ல அன்ஸியா பையும் தண்ணிக் குப்பியுமா வருதா. "எங்க மோளே?"ன்னேன். "கிளாஸ் உண்டு ஆண்ட்டி, சங்கரி வரலையா?"ங்கா.

ஜலீலா: அன்னைக்கு நான் பெரிசா "கிளாஸ் உண்டு"ன்னுதான போட்டேன்!

வீரலட்சுமி: உண்டுங்கறது அவ வாயில வரும்போது இல்லன்னு ஆயிருச்சு.

ஜலீலா: இருங்க, இருங்க... அப்போ கணக்குல இருபதுக்கு ஆறு மார்க்குன்னு உங்க நம்பருக்குத் தனியா போட்டேனே. நீங்க ரோஜாப்பூ படம் அனுப்பினீங்க.

வீரலட்சுமி: ரெண்டு ரோஜா.

ஜலீலா: ரெண்டு ரோஜா, ஒரு கும்பிடு. எனக்குக் கோபமா வந்துச்சு. இந்த அம்மாவுக்குப் பிள்ளை மேல அக்கறையே இல்லன்னு ஸ்டாஃப் ரூம்ல சொன்னேன் கூட.

வீரலட்சுமி: "சங்கரி கணக்குல முதல் ஆறு பேருல வந்துட்டா"ன்னு வாசிச்சா டீச்சர். லாண்டரி முழுக்க மிட்டாய் குடுத்தேன்.

ஜலீலா: படச்சோனே... குட்டிக்கு நல்ல மூளை. அது தெரிஞ்ச அன்னைக்கே ரெண்டு குடுக்க வேண்டியதுதான?

வீரலட்சுமி: குடுத்தா? அடுத்த தடவ இன்னும் சாமர்த்தியமா வாசிப்பா. எனக்கு எப்படித் தெரியும்? அவ வாயத்தான நம்பணும். அதான் வாய மூடிட்டு நாமளே படிச்சிருவோம்னு...

ஜலீலா: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்களும் வீட்டுல தமிழ் பேசறவங்கதான். எழுதத்தான் தெரியாது. வாய்ஸ் மெசேஜ் போட்டிருப்பேன்.

வீரலட்சுமி: கூச்சமா இருந்துச்சு. குரூப்புல அத்தனை அம்மாமாரும் டக்டக்குன்னு மலையாளத்துல எழுதுதாங்க. எனக்கு மட்டும் தனியா ஓதணுமா?

ஜலீலா: ம்... இப்போ எவ்வளவு வாசிப்பீங்க?

வீரலட்சுமி: மெல்ல மெல்ல வாசிப்பேன். தமிழ் எழுத்து மாதிரியே கொஞ்சம் இருக்கு, அது ஒரு சமாதானம். ரெண்டெழுத்து ஒட்டி வர்ற கூட்டெழுத்து வந்தாத்தான் தலை சுத்தும். பழைய மெசேஜ எல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து வாசிச்சுப் பாத்தேன். அதுல ஒண்ணு... கண்ணு படம் போட்டது.

ஜலீலா: ஆ! ஜூன்ல போட்டது. ரெண்டாம் பெஞ்சுல இருந்து போர்டு சங்கரிக்குத் தெரியல, கண்ணு டெஸ்ட் பண்ணி கண்ணாடி வாங்கணும்னு. ரெண்டு தடவ போட்டேன்.

வீரலட்சுமி: படத்தப் பாத்து, "இது என்ன கண்ணு?"ன்னு அவகிட்டக் கேட்டேன். "கண்ணுக்கு மை வச்சு வரக்கூடாதாம்"னா.

ஜலீலா: மையா!

வீரலட்சுமி: மூணு மாசம் மை வைக்காம அனுப்புனேன் டீச்சர். டீச்சர் சொன்னதாச்சேன்னு.

ஜலீலா: நானும் நீங்க கும்பிடு போட்டதைப் பாத்துட்டு, காட்டியிருப்பாங்கன்னு சும்மா இருந்துட்டேன்... என் தப்பும் உண்டு அக்கா. ஒரு போன் பண்ணியிருக்கணும்.

வீரலட்சுமி: நீங்க என்ன செய்வீங்க... அன்னைக்கு மத்தியானம் எழுத்துக் கூட்டுதேன். "க... ண்ணு". கண்ணு! நம்ம தமிழ்ல உள்ள அதே கண்ணு. யாரும் சொல்லித் தராம நானா வாசிச்ச முதல் வார்த்தை. எந்திரிச்சு நின்னுட்டேன் டீச்சர்.

ஜலீலா: பின்னே?

வீரலட்சுமி: பின்ன ம-வைத் தேடுதேன். மைன்னா ம வரணும்லா? எங்கயும் ம இல்ல. "கண்ணட"ன்னு ஒண்ணு இருந்துச்சு. கண்ணாடிய இங்க அப்படித்தான சொல்லுதாங்க... மைங்கற பேச்சே அதுல இல்ல. சோத்துப் போசிய மூடி வச்சுட்டேன்.

ஜலீலா: அழாதீங்க அக்கா. இந்தாங்க, தண்ணி குடிங்க.

வீரலட்சுமி: அழல. சாயங்காலம் அவ வந்தா. வாசல்ல நிக்க வச்சு, "எதிர்த்த மளிகைக் கடை போர்டை வாசி"ன்னேன். சரியா சொல்லிட்டா. மனப்பாடம்! தினம் பாக்குத போர்டு. "அந்தா தெரியுத ஆட்டோ நம்பர் என்ன?"ன்னேன். கண்ண சுருக்கி சுருக்கிப் பாத்துட்டு, "அது ரொம்ப வேகமா போகுதும்மா"ங்கா. ஆட்டோ அங்ஙன நின்னுக்கிட்டு இருந்துச்சு டீச்சர்.

ஜலீலா: பாவம் குட்டி...

வீரலட்சுமி: மறுநாளே அரைநாள் லீவு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவளுக்குக் கண்ணாடி போட்டா எல்லாரும் கேலி பண்ணுவாங்கன்னு பயம். அதான் மையைக் கொண்டு வந்திருக்கா.

ஜலீலா: கேலியா? போன வாரம் கண்ணாடியோட வந்தா, கிளாஸே அதை வாங்கிப் போட்டுப் பாக்குது. நான் பிடுங்கி வைக்க வேண்டியதாச்சு. ரெண்டே நாள்ல போர்டு முழுசும் எழுதறா. நேத்து கணக்குல பதினாலு.

வீரலட்சுமி: தெரியும். மெசேஜ் வந்துச்சு. அவ வாசிக்கிறதுக்கு முன்னாடி நானே வாசிச்சுட்டேன்.

ஜலீலா: அவ என்னன்னு வாசிச்சா?

வீரலட்சுமி: பதினாலுன்னுதான். உள்ளபடி. கண்ணாடி வந்ததுல இருந்து உள்ளபடிதான் வாசிக்கா. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி கன்னத்துல கை வச்சுக் கேக்கேன். கேக்க நல்லாத்தான் இருக்கு.

ஜலீலா: அவகிட்டச் சொல்ல மாட்டீங்களா?

வீரலட்சுமி: சொல்லுவேன்... இன்னும் கொஞ்சம் கூட்டெழுத்து பிடிபடட்டும். அது கிடக்கட்டும் டீச்சர், லேப்டாப்? அவகிட்ட இருந்து வாங்கிராதீங்க. நான் இனி அதுல கையே வைக்க மாட்டேன். நான் வாசிச்சதெல்லாம் அழிச்சிருங்க.

ஜலீலா: அழிக்கறதா? ஆடு வந்த பிறகும் விடாம வாசிச்சிருக்கீங்க, அதை அழிக்கவா? இருங்க. மத்தியானம் வாசிச்சது எல்லாம் தேதி போட்டுத் தனியா கிடக்கு. புதுசா ஒரு பேர் சேத்து, அதை எல்லாம் அந்தப் பேருக்கு மாத்தறேன். சங்கரி பழைய பதினொண்ணுக்குப் போயிருவா. லிஸ்ட்ல பேர் வராது.

வீரலட்சுமி: அப்படி முடியுமா?

ஜலீலா: முடியும். பேர்... வீ...ர...லட்...சுமி. பாருங்க, இது கூட்டெழுத்து. வாசிங்க.

வீரலட்சுமி: வீ... ர... ல... லட்சுமி! இவ்வளவு நாளா எம்பேருக்குள்ளயே இருந்திருக்கு பாருங்க.

ஜலீலா: என்ன கிளாஸ்னு கேக்குது.

வீரலட்சுமி: ஒண்ணு போடுங்க. வயசு கேக்குதா?

ஜலீலா: கேக்கல.

வீரலட்சுமி: நல்ல கம்ப்யூட்டர்.

ஜலீலா: ஆனா அந்த லேப்டாப் குட்டிகளுக்குள்ளது. அதுல வேண்டாம். இந்தக் கம்ப்யூட்டர் ரூம் மத்தியானம் சும்மாதான் கிடக்கு. இங்க வந்து வாசிங்க, ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன். லாண்டரியில இருந்து நடந்தா பத்து நிமிஷம்.

வீரலட்சுமி: இங்கயா... ஏசியிலயா? தினமுமா?

ஜலீலா: தினமும். கூட்டெழுத்து வந்தா நான் பக்கத்துல இருப்பேன். சங்கரிகிட்ட, அம்மா பி.டி.ஏ. வேலைக்கு வர்றாங்கன்னு சொல்லிக்கலாம்.

வீரலட்சுமி: டீச்சர்... இந்த ரூம்ல மொத்தம் எத்தனை நாற்காலி?

ஜலீலா: பதினாலு. எதுக்கு அக்கா?

வீரலட்சுமி: இல்ல... ஒரு ஆளுக்கு மட்டும்னா பரவால்ல...

ஜலீலா: என்னன்னு சொல்லுங்க. இனி என்ன மறைக்கறதுக்கு இருக்கு?

வீரலட்சுமி: நான் மட்டும் வாசிக்கல டீச்சர். மீனாக்ஷி, ஆவுடையம்மா, திரிபுரசுந்தரி, எல்லாரும் எங்க லாண்டரிதான். மத்தியானம் எங்க வீட்டுலதான் சோத்துப் போசியோட உக்காந்து, மாத்தி மாத்தி வாசிப்போம். நீங்க கூப்பிட்டதும் பயந்து போய் மூணு பேரும் என்கூடவே வந்து ஸ்கூல் கேட்டுல நிக்காங்க... அவங்க வீட்டுலயும் உங்க மெசேஜ பிள்ளைங்கதான் வாசிச்சுச் சொல்லுதுக.