மாஸ்டர் உட்காராமல் திரும்பிய வீடு

அவையின் நடுநாயகமாய் வீற்றிருந்து, பேசுகிறவன் கொஞ்சம் நீட்டினாலும் தட்டிவிடலாம் என்று மணியின் மேலேயே கையை வைத்திருக்கும் தலைவர் அவர்களே! மழை வந்தாலும் மைதானத்தை விட்டு நகராத, கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் வாயை மூடாத நம் கால்பந்துக் கழகத்துப் பெரியோர்களே! பிள்ளைகளின் சேறு படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே ஓர் அணியை வளர்த்தெடுத்த தாய்மார்களே! ஆடிய கால்களே, ஆடுகின்ற கால்களே, ஆட அழைக்க மாட்டார்களா என்று ஓரத்துப் பெஞ்சில் காத்திருந்த என் அருமைத் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்து, ‘இவன் உளறாமல் இறங்குவானா’ என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் என் உடன்பிறந்த அக்காவே! அனைவருக்கும் என் வணக்கம்.

ஒரே ஒருவரை மட்டும் நான் இன்னும் அழைக்கவில்லை. அதோ, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாரே, இந்த வழியனுப்பு விழாவின் நாயகர், நம் அணியின் மேனேஜர், நீங்களெல்லாம் தொப்பி மாஸ்டர் என்று கொண்டாடுகிறவர், அவரைத்தான். மறந்துவிட்டேன் என்று எண்ணாதீர்கள். அவரை மறந்துவிட்டு நான் வீடு போய்ச் சேர முடியுமா? அக்கா சும்மா விடுவாளா? அவரை எப்படி அழைப்பது என்பதில்தான் எனக்குச் சிக்கல். வீட்டில் அவர் என் அக்காவின் கணவர், எனக்கு மாமா. மைதானத்தில் மாஸ்டர். இத்தனை ஆண்டுகளாக நான் அவருக்குத் துணைப் பயிற்சியாளன். ‘மச்சானுக்கு வேலை போட்டுக் கொடுத்துட்டாருப்பா’ என்று நீங்கள் பேசிக்கொண்டதெல்லாம் என் காதிலும் விழுந்தது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மற்றவனுக்கு ஒரு திட்டு விழும் இடத்தில் மச்சானுக்கு இரண்டு விழும். அதுதான் எனக்குக் கிடைத்த சலுகை.

நேற்று நம் செயலாளர் என்னைத் தனியே அழைத்துப் போய்த் தோளில் கை போட்டார். செயலாளர் தோளில் கை போட்டாலே நான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். “நீ சொன்னாதான் கேப்பாரு. மேடையில வச்சு, போகாதீங்கன்னு ஒரு வார்த்தை உருக்கமா பேசிடு. ஜனம் கைதட்டிட்டா மனுஷனால முடியாதுன்னு சொல்ல முடியாது” என்றார். வாசலில் கட்டியிருக்கிறீர்களே ஒரு பெரிய துணி, ‘போகாதே மாஸ்டர்’ என்று, அதுவும் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். தட்டுங்கள், தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். செயலாளர் அவர்களே, மன்னிக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்த ஆட்டத்தை நான் ஆடப்போவதில்லை.

ஏன் போகிறார் என்று ஊரே கேட்கிறது. உடல் தளர்ந்தா போகிறார்? இன்றைக்கும் அவரோடு படியேறினால் மூச்சு வாங்குவது எனக்குத்தான். உள்ளம் சலித்தா போகிறார்? சாப்பாட்டுத் தட்டில் உப்புக் குப்பியைக் கோல்கீப்பராக நிறுத்தி வைத்து என் அக்காவிடம் இன்றைக்கும் ஏச்சு வாங்குகிறவர் அவர். தோற்றா போகிறார்? கோப்பை இதோ மேசை மேல் மின்னுகிறது. வேறு கழகம் விலைக்கு வாங்கிவிட்டதா? யாருய்யா அது, பின்னால் நின்று ஆமாம் என்கிறவர்? நீங்கள் நேரில் பார்த்தீர்களா? பார்க்கவில்லை அல்லவா? அப்படியானால் உட்காருங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மாஸ்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்ட நாள் காலையில், ஆடப்போகிறவர்களைப் பற்றி அவர் கவலைப்பட மாட்டார். அன்று யாருக்கு இடம் இல்லையோ அவன் வீட்டுக்குப் போவார். ஆள் அனுப்ப மாட்டார், போனில் சொல்ல மாட்டார், பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஒதுங்க மாட்டார். கதவைத் தட்டுவார். கதவு திறந்ததும் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவார். அந்தத் தொப்பி கழன்றால் என்ன பொருள் என்று அணியில் எல்லாருக்கும் தெரியும். இன்று நீ இல்லை, காரணம் இது என்று முகத்தைப் பார்த்துச் சொல்வார். சொல்லிவிட்டு உட்காருவார். எதற்கு உட்காருவார்? திட்டு வாங்க! அவன் கத்தலாம், அழலாம், அவன் மனைவி கேட்கலாம், மாமியார் கேட்கலாம். எல்லாரும் பேசி முடிக்கும்வரை தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்டி ஓட்டிக்கொண்டு போன பாவத்துக்கு நானும் பின்னால் நிற்பேன். “எதுக்கு மாமா இந்தத் தலைவலி? சொல்லிட்டு வந்துடலாம்ல?” என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன். “சொல்றதுக்கு தபால்காரன் போதும்டா. கேக்குறதுக்குத்தான் நான் போறேன்” என்றார்.

நம் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் வீட்டுக்கு முதல்முறை அப்படிப் போனோம். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினால், திறந்தது அவருடைய அம்மா. அந்தத் தாய் இதோ இரண்டாம் வரிசையில்தான் இருக்கிறார். அம்மா, முறைக்காதீர்கள், நடந்ததைத்தானே சொல்கிறேன்! “எம்புள்ள விடிஞ்சதுலேர்ந்து ஷூவைத் துடைச்சு துடைச்சு வச்சிருக்கான். இப்ப வந்து நீ இல்லங்கறியே, நீயெல்லாம் ஒரு மேனேஜரா?” என்று பிடித்துக்கொண்டார். “நான்தாம்மா அந்த மேனேஜர்” என்றார் மாஸ்டர். உள்ளே வா என்ற சொல் வரவில்லை. உட்கார ஒரு நாற்காலி வரவில்லை. மாஸ்டர் என்ன செய்தார்? படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேல்வீட்டுக் கதவு திறந்தது, கீழ்வீட்டுக் கதவு திறந்தது, மொத்தக் கட்டடமும் காது கொடுத்தது. அம்மா விட்டாரா? மாஸ்டரின் பரம்பரையில் ஒருவர் மிச்சமில்லை. கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கிப்போய், உள்ளே சென்று ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். “குடிச்சுட்டுப் போ. ஆனா நாற்காலி மட்டும் கிடையாது.” சிரிக்கிறீர்கள். அன்று மாஸ்டர் பகல் முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை. யாரையாவது விட்டுவிட்டு ஆடும் நாளில், ஆட்டம் முடியும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது. அது விரதமில்லை. தொண்டைக்குள் போகாது, அவ்வளவுதான்.

இப்போது இந்த ஆண்டின் அரையிறுதிக்கு வருகிறேன்.

நடுக்களத்தில் ஓயாது ஓடுகிறவர், உங்களுக்கெல்லாம் இஞ்சின் என்றால்தான் தெரியும். முழங்காலில் அடிபட்டு, தேறி, ஆடிவிடலாம் என்று ஆசையோடு காத்திருந்தார். அவரை விடுவதென்று மாஸ்டர் முடிவெடுத்தார். காலையில் போனோம். மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. கதவைத் திறந்த இஞ்சினின் ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, மறுகன்னம் மழமழவென்று, கையில் சவரக்கத்தி. மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். “இன்னிக்கு நீ இல்லப்பா. முட்டி இன்னும் முழுசா சரியாகல. எதிர்ல இருக்கறவங்க ரொம்ப வேகம்” என்றார். சரியான காரணம்தான். உள்ளேயிருந்து அவர் மனைவி தரையில் கரகரவென்று நாற்காலியை இழுத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. நாற்காலி வாசலுக்கு வந்து சேர்வதற்குள், மாஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

வண்டியில் ஏறினோம். “பசிக்குதுடா, அந்த முக்குக் கடையில நிறுத்து” என்றார். எனக்குத் திக்கென்றது. நிறுத்தினேன். நன்றாகச் சாப்பிட்டார். இன்னொரு டீ கேட்டார். அந்த டீ வந்து, பாதி குடித்து, கிளாசைக் கீழே வைத்தார்.

“அவன் என்னடா சொன்னான்?”

“யாரு மாமா?”

“இஞ்சின்.”

“எங்க சொல்ல விட்டீங்க?”

“நான் உக்காந்தேனா?”

“இல்ல.”

காலித் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “எனக்கு வலிக்கலடா. ஒண்ணுமே பண்ணல.”

நான் ஆறுதல் சொன்னேன். எத்தனை பேரை விட்டிருக்கிறோம், எத்தனை படி ஏறியிருக்கிறோம், பழகிப்போயிருக்கும் மாமா என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. “பழகக் கூடாத வேலைடா இது” என்றார்.

அன்று நாம் வென்றோம். நீங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினீர்கள். தோள் மேல் இருந்தவருடைய முகத்தை யாராவது பார்த்தீர்களா? அவர் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இஞ்சின் எல்லாருக்காகவும் கைதட்டிக்கொண்டிருந்தார். மாலையில் மறுபடி அந்த மருந்துக்கடை, அந்த மாடி. இம்முறை மாஸ்டர் உட்கார்ந்தார். இஞ்சின், உங்கள் அனுமதியோடு சொல்கிறேன். அவர் சொன்னது இது: “டீம்ல இல்லங்கறதுகூடப் பரவாயில்ல மாஸ்டர். நீங்க உக்காரவே இல்லியே. எம்மேல ஏதோ கோவம்னு நாள் பூரா நினைச்சுட்டு இருந்தேன்.” மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “கோவம்னு ஒண்ணு இருந்திருந்தாக்கூட உக்காந்திருப்பேன்டா” என்றார். படியிறங்கும்போது என்னிடம், “இந்தக் கோப்பை முடிஞ்சதும் நான் கிளம்பறேன்” என்றார். அவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் ஒரு ரகசியமும் இல்லை.

நான் சண்டை போடவில்லையா? போட்டேன். அக்காவையும் கூட்டணிக்கு இழுத்தேன். “வீட்டுல இருந்தா என் அடுப்புக்கு மேனேஜர் ஆயிடுவாருடா, எப்படியாவது நிறுத்து” என்று அவளும் சேர்ந்துகொண்டாள். நடக்கவில்லை. அவரில்லாத மைதானத்தில் காலெடுத்து வைக்கவே எனக்கு மனமில்லை, இதைச் சொல்ல வெட்கமில்லை. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன், தோழர்களே! நீ வேண்டும் என்று சொல்வது எவருக்கும் எளிது. நீ வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கலாம்? வலிக்கிற நெஞ்சு உள்ளவன் கையில் இருக்கலாம்! தொழிற்சாலையில் ஆளைக் குறைக்கிறவன் கையிலும், பள்ளியில் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிறவன் கையிலும் அதே அதிகாரம்தான் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு வலிக்கிறது? வலிக்காமல் போன நாளை எத்தனை பேர் கவனித்தார்கள்? கவனித்த எத்தனை பேர் எழுந்து போனார்கள்? நம் மாஸ்டர் கவனித்தார். ஒரே ஒரு காலையில், ஒரே ஒரு வீட்டில் தவறினார். இன்னொரு வீட்டில் தவற மாட்டேன் என்று எழுந்துவிட்டார்.

என்ன? ‘நாற்காலி உனக்குத்தானே’ என்கிறீர்களா? கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அடுத்த மேனேஜராக இருக்கச் சொல்லிக் கழகக் குழு என்னைக் கேட்டது உண்மை. மாஸ்டரிடம் போய், “மாமா, அந்தக் கதவுங்களை நான் தட்டணும்னு நினைச்சாலே பயமா இருக்கு” என்றேன். “பயமா இருக்குல்ல? அப்ப சரி” என்றார். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் கையில். அந்தப் பயம் என்றைக்குப் போகிறதோ, அன்றைக்கு இதே மேடைக்கு என்னையும் ஏற்றிவிடுங்கள்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். எல்லாரும் ஒருமுறை மேடையைப் பாருங்கள். வெயிலிலும் மழையிலும் மாஸ்டர் தலையை விட்டு இறங்காத அந்தத் தொப்பி எங்கே இருக்கிறது? மடியில்! யாரையோ விடுவதற்கு வந்திருக்கிறார். யாரை? தன்னைத்தான்! பத்திரிகைக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். வந்தார், கழற்றினார், உட்கார்ந்தார். நாம் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பார். மேடைக்கு வரும் முன் கேட்டேன், “மாமா, இன்னிக்கு வலிக்குதா?” என்று. “ரொம்ப வலிக்குதுடா” என்றார்.

அதோ ஒரு தம்பி எழுந்துவிட்டார். ‘அப்ப வலி திரும்பி வந்துடுச்சுல்ல, இருக்கச் சொல்லுங்க!’ அதையே நானும் கேட்டேன், தம்பி. மாஸ்டர் சிரித்தார். “இது சொந்த வலிடா. சொந்த வலி எல்லாருக்கும் வலிக்கும்” என்றார்.  இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் வாசலில் கட்டிய அந்தத் துணியை அவிழ்த்துவிடுவோம். அவருக்குக் கொஞ்சம் வழி விடுவோம்.

என்னம்மா? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், இரண்டாம் வரிசை அம்மா. ஆ! மைக்கில் நானே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்கட்டும். “நாளைக்கு எங்க வீட்டுக்கு வரச் சொல்லுப்பா. கதவைத் தொறந்து வச்சு, நடுக்கூடத்துல நாற்காலி போட்டு வைக்கிறேன்.” மாஸ்டர், காதில் விழுந்ததா? விழுந்துவிட்டது. கண்ணைத் துடைக்கிறார் பாருங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. இடையிடையே கூவி என்னை விழிப்போடு வைத்திருந்த இளைஞர்களுக்கு நன்றி. மணியை அடிக்காமல் விட்ட தலைவருக்குத் தனி நன்றி. தொடக்கத்தில் விட்டுவைத்த அந்த அழைப்பைச் சொல்லி அமர்கிறேன். இத்தனை காலம் மைதானத்தில் ஒருநாளும் உங்களை நான் இப்படிக் கூப்பிட்டதில்லை. இன்று ஊர் முன்னால் கூப்பிடுகிறேன். மாமா! தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள். அக்கா காத்திருக்கிறாள், வீட்டுக்குப் போகலாம். வணக்கம்.