மெரூன் நிறப் பெட்டி குறித்து நுஸைபா சொன்னது

என் பெயர் நுஸைபா. கணவர் பெயர் பாசில். வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் தமிழ்நாட்டில் அதிராம்பட்டினம். அங்கே பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். தற்போது மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை நடத்தும் என் உடன்பிறந்த அண்ணன் பாவாவின் வீட்டில், கடைக்கு மேல்மாடியில் தங்கியிருக்கிறேன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். கீழே காக்கா என்று வருவதெல்லாம் அவரைத்தான். கிள்ளான் காவல் நிலையத்தில் சார்ஜன் மார்வின் முன்னிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைத் தமிழில் சொல்கிறேன். அவர் கேட்டு எழுதிக்கொள்கிறார். நான் வேகமாகப் பேசுகிறவள் என்பதால் இதற்குள் இரண்டு முறை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

காக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் எடுக்கிறார். அவர் மனைவி சுலைகா மச்சி கொடுக்க முன்வந்தார், பொருந்தவில்லை. என்னுடையது பொருந்தும் என்று ஊரிலேயே பார்த்துச் சொல்லிவிட்டதால், நான் கொடுப்பதற்காக இங்கே வந்தேன். இந்தியாவிலிருந்து சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் விசா இல்லாமல் ஒரு மாதம் இருக்கலாம் என்பதால் அப்படியே விமானம் ஏறினேன். விமான நிலையத்தில் எதற்கு வந்தாய் என்று கேட்டார்கள், அண்ணனைப் பார்க்க என்றேன். அது உண்மைதான். அதன் பிறகு கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் பரிசோதனைகள் தொடங்கின. ஒன்றை முடித்தால் இன்னொன்று வந்தது. இதயம், நுரையீரல், பிறகு மனநல மருத்துவர். அவர் ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டார், என் காக்கா என்றேன், சரி, ஆனால் ஏன் என்று மறுபடியும் கேட்டார், காக்கா என்றால் காக்காதானே டாக்டர் என்றேன். அதற்குள் என்னுடைய ஒரு மாதம் முடியும் நிலைக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு நல்ல காரியம் முடியும்வரை வெளியே வாயைத் திறப்பதில்லை, கண்ணேறு பட்டுவிடும் என்ற பயம். அதோடு காக்காவின் கடைக்கு வரும் ஒருவர், கிட்னி என்று சொன்னால் விற்க வந்தவள் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வேறு சொல்லிவைத்தார். அதனால் என் நாள் முடியப்போவதை நாங்கள் ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்துக்கொள்ளும் தாதி புஷ்பவல்லியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே வழி பிறந்திருக்கும்.

அதன் பிறகு யாரோ சொன்னதன் பேரில் காக்காவும் நானும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்க் குகன் என்பவரைப் பார்த்தோம். சார்ஜன் இவரைச் சந்தேக நபர் என்று எழுதப்போனார். குகன் என்றே எழுதச் சொன்னேன். முப்பது வயது இருக்கும். மாடியில் ஒரு சின்ன அறையில் பயண ஏற்பாடுகள் செய்கிறார். நாங்கள் சிறுநீரக விஷயத்தை அவரிடமும் சொல்லவில்லை, குடும்பத்தோடு இன்னும் கொஞ்சநாள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னோம். அவர், "ரொம்ப ஈசிலா அக்கா. தாய்லாந்து பார்டர் தாண்டி மக்கான், ஒரு சாப்பாடு முடிச்சிட்டுத் திரும்பி வந்தா புதுசா ஒரு மாசம். மாசா மாசம் ஆள் போயிட்டுதான் இருக்காங்க" என்றார். கேட்ட கட்டணத்தைக் காக்கா கொடுத்தார்.

போன சனிக்கிழமை விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடித்ததும் பிரிக்ஃபீல்ட்ஸில் வேன் ஏறினேன். என்னோடு இன்னும் ஐந்து பேர், எல்லோரும் நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள். ஏறும்போதே குகன் ஆளுக்கொரு சக்கரப் பெட்டியும் ஒரு தாளும் கொடுத்தார். தாள் லங்காவித் தீவில் ஓட்டல் அறை எடுத்திருப்பதாகச் சொன்னது. கையில் பெட்டி இல்லாமல் போனால் சுற்றுலாப் பயணி என்று நம்பமாட்டார்களாம். ஆறு பெட்டியும் ஒரே மெரூன் நிறம், ஒரே கடையில் வாங்கியவை. என் பெட்டியின் ஜிப் ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. தையற்காரி கண்ணுக்கு அது முதலில் பட்டது. தூக்கிப் பார்த்தால் காற்றுப்போல் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

வெறும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பயணம் போவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். போகிற காரியமும் வெறுமையாகிவிடும் என்று என் உம்மா சின்ன வயதிலிருந்தே திட்டுவார். எதையாவது போட வேண்டும் என்று என் கைப்பையைத் துழாவினேன். ஒரு துப்பட்டா இருந்தது. அதோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கேன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகிற சிறுநீரை அதில் பிடித்துத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வழியில் தாமதமானால் கைவசம் இருக்கட்டும் என்று அதையும் எடுத்துவந்திருந்தேன். காலியான, கழுவிய, புதுக் கேன். இரண்டையும் பெட்டிக்குள் வைத்து மூடினேன். வேன் ஓட்டிய குகன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அது எதுக்குக்கா, சும்மா ஷோவுக்குத்தானே" என்றார். சும்மா இருக்கட்டும் தம்பி என்றேன்.

அதன் பிறகு வடக்கே நெடுஞ்சாலையில் போனோம். பாதி வழியில் எனக்கு வாந்தி வந்தது. அவர் வேனை ஓய்விடத்தில் நிறுத்தி, சுடுநீர் வாங்கிக் கொடுத்து, நான் எழுந்து நிற்கும்வரை வெயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள், அவர் காதில் வாங்கவில்லை. இது வழக்குக்குத் தேவையில்லை என்று சார்ஜன் சொல்கிறார். எனக்குத் தேவை, எழுதச் சொன்னேன்.

மதியம் எல்லை தாண்டி டானோக்கில் சாப்பிட்டோம். அதன் பிறகு திரும்பி மலேசியப் பக்கம் புக்கிட் காயு ஹீத்தாம் குடிநுழைவுக் கூடத்துக்கு வந்தோம். குகன் வேனோடு வெளியே போய்க் காத்திருந்தார். கவுண்டரில் இருந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. எதற்கு வந்தாய் என்ற கேள்விக்கு, சொல்லிக்கொடுத்தபடி "ஹாலிடே" என்றேன். அவர் என் தாளையும் எனக்கு முன்னால் நின்றவரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஆறு பேரின் தாள்களையும் வாங்கிப் பார்த்தார். எங்கள் ஆறு பேருக்கும் லங்காவியில் ஒரே அறை. நானும் முன்பின் தெரியாத நான்கு ஆண்களும் இன்னொரு பெண்ணும் அந்த அறையில் தங்குவதாக இருந்தது. எனக்கு வெட்கத்தில் காது சூடானது.

அதன் பிறகு எங்களை ஓரமாக நிற்கவைத்துப் பெட்டிகளைத் திறந்தார்கள். ஒன்று, வெறும் பெட்டி. அடுத்தது, வெறும் பெட்டி. திறக்கத் திறக்க அங்கே நின்ற காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பெட்டியில் துப்பட்டாவுக்குள் சுற்றிய கேன் இருந்தது. சிரித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் அதிகாரி கேனைத் தூக்கி மலாயில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. முகுந்தன் என்ற தமிழ் அதிகாரியை அழைத்துவந்தார்கள்.

அவர், "அக்கா, இது என்னன்னு மேடம் கேக்குறாங்க. உண்மையச் சொல்லுங்க" என்றார். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். என்னை இங்கிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பி, இனி வரக்கூடாது என்று முத்திரை குத்தினால் காக்காவுக்கு வேறு ஆள் இல்லை. டயாலிசிஸ் ஊசி ஏற்றும் அவர் கையில் ஒரு நரம்பு புடைத்திருக்கும், அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே வண்டு இரைவது போல் இருக்கும். அந்த இரைச்சல் அப்போது என் விரலில் கேட்டது. பொய் சொன்னால் ஒருவேளை தப்பிக்கலாம், உண்மையைச் சொன்னால் விற்க வந்தவள் என்பார்கள். இருந்தாலும் அந்தக் கேனைக் காட்டி இனிப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. "என் காக்காவுக்குக் கிட்னி கொடுக்க வந்திருக்கேன் சார். அது யூரின் பிடிக்கிற கேன். திங்கக்கிழமை ஆஸ்பத்திரில கொடுக்கணும்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.

கேனில் ஒட்டியிருந்த சீட்டில் என் பெயரும் ஆஸ்பத்திரித் தொலைபேசி எண்ணும் இருந்தன. அந்தப் பெண் அதிகாரி அந்த எண்ணை அழைத்தார். புஷ்பவல்லிதான் எடுத்தார். சத்தம் வெளியே கேட்கும்படி வைத்திருந்ததால் நானும் கேட்டேன். மலாயில் நிறையப் பேசினார். கடைசியில் என்னிடம் தமிழில், "என்னக்கா நீங்க, ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லக்கூடாதா? பார்டர்ல போய் நிக்கிறீங்க! லெட்டர் நான் தர்றேன், நீங்க கேன பத்திரமா கொண்டு வாங்க" என்று அதட்டினார். அந்த அதட்டலுக்காக அவர் ஆயுசு முழுக்க நன்றாக இருக்க வேண்டும்.

பெண் அதிகாரி எனக்குத் தேநீர் வரவழைத்தார். பயமாக இல்லையா என்று முகுந்தன் மூலம் கேட்டார். ஊசி என்றால் பயம், உங்களைப் பார்த்ததும் பயம், இதற்குப் பயமில்லை என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, குறுகிய காலத்துக்கு முத்திரை போட்டு, ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனால் சிகிச்சைக்காகத் தங்கும் காலத்தை நீட்டித் தருவார்கள், அதற்கு வழி இருக்கிறது, இந்தச் சுற்று தேவையே இல்லை என்று சொல்லியனுப்பினார். அவர் பெயர் கேட்க மறந்துவிட்டேன். பெயர் தெரியாவிட்டாலும் துஆவில் சேர்த்திருக்கிறேன்.

இனிக் குகன் பற்றி. நாங்கள் பிடிபட்டது அவருக்கு வெளியிலேயே தெரிந்துவிட்டது. வேனை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம், யாரும் தேடிப் போயிருக்க முடியாது. ஆனால் என் கைபேசி வேனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதில் காக்காவின் அழைப்பு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு தானாக உள்ளே நடந்துவந்து, "அக்கா, உங்க அண்ணன் கால் பண்றாரு, எடுத்துப் பேசுங்க, பாவம்" என்று என் கையில் கொடுத்தார். அங்கேயே அவரைப் பிடித்துவிட்டார்கள். பொய்த் தாள் கொடுத்தது பொய்த் தாள் கொடுத்ததுதான், அதை நான் மறைக்கவில்லை, நீதிமன்றத்திலும் சொல்வேன். அவர் ஓடாமல் உள்ளே வந்ததையும் அதே நீதிமன்றத்தில் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை கேனை நிரப்பித் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தேன். முடிவு நன்றாக வந்திருக்கிறது. புஷ்பவல்லி தந்த கடிதத்தின் பேரில் தங்கும் காலத்தையும் நீட்டித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. வழக்குக்கு அழைத்தால் வர முடியுமா என்று சார்ஜன் கேட்டார். பிழைத்துக் கிடந்தால் வருவேன் என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன். காக்கா காதில் விழுந்தால் சிகிச்சையே வேண்டாம் என்பார். வருவேன் என்றே எழுதிக்கொள்ளட்டும்.

எல்லையிலிருந்து கேனோடு என்னிடமே வந்த மெரூன் பெட்டியைச் சான்றுப் பொருளாக இன்று ஒப்படைக்கிறேன். வழக்கு முடிந்ததும் அது குகனுக்குத் திரும்பிப் போகும் என்றார்கள். இரவல் வாங்கிய எதையும் வெறுமையாகத் திருப்புவது எங்களிடம் கிடையாது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். இதைக் காலையில் சொன்னதும் காக்கா, குகன் மேல் அத்தனை கோபத்தில் இருந்தவர், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கடைக்கு இறங்கி, தன் கையால் புதுக் கைலி ஒன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். தைத்து முடித்த கைலி. பெட்டியின் பிரிந்த ஓரத்தையும் நான் தைத்துவிட்டேன்.

சார்ஜன், "அக்கா, எவிடென்ஸ்லா இது. உள்ள எதையும் வைக்கக்கூடாது" என்றார். கைலி உள்ளே இல்லையென்றால் இதில் கையெழுத்தும் இல்லை என்றேன். அவர் பெற்றுக்கொண்ட பொருள் என்ற இடத்தில் எழுதினார்: மெரூன் நிறப் பெட்டி ஒன்று, ஓரம் தைக்கப்பட்டது. உள்ளே கைலி ஒன்று, புதியது.

நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறேன். சார்ஜன் முழுவதையும் திரும்ப வாசித்துக் காட்டினார். நான் நன்றி சொன்ன இடம் எதுவும் விடுபடவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, என் சம்மதத்தோடு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) பா. நுஸைபா
கிள்ளான்