அலைக்காவலனின் நான்கு கட்டங்கள்

லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை தரும் சர்க்கரைப் பொங்கலில் கஜுப் பருப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டும். கிழவர் நஹூமுக்கு அதில் பெரிய மனக்குறை. கோயிலிலிருந்து மேட்டுத் தெரு இறங்கும் வழியில்தான் அவருடைய வீடு. வெள்ளி தவறாமல் கொண்டுபோய்க் கொடுப்பேன். நான் அவரை வெறுத்ததாக யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது தவறு. தான் வெறுக்கிறவருக்கு யாரும் பொங்கல் சுமந்துகொண்டு போவதில்லை.

அவர் ஹைஃபாவில் பிறந்தவர். வாலிப வயதில் அங்கே ஒரு சித்திரக்கதை வரைந்தார். அதன் நாயகன் துறைமுகத்தில் வேலை செய்பவன். கடலில் விழுந்தவர்களைத் தூக்கி எடுப்பதுதான் அவனுடைய வல்லமை. அவர் வைத்த பெயரை எங்கள் தமிழில் அலைக்காவலன் என்று சொல்லலாம். லண்டனுக்கு வந்து கிழவரான பிறகு, அதைப் படமாக்க இங்குள்ள ஒரு கம்பெனி முன்வந்தது. அந்தக் கம்பெனியின் சித்திரப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். ஆயுள் முழுக்க அடுத்தவர்களின் நாயகர்களுக்குப் பின்னால் நிற்கும் மதிலும் மழையும் வரைந்தவன். முதல்முறையாக நாயகனின் உடுப்பை என்னிடம் தந்தார்கள். நான் அவனுக்கு ஒரு முகமூடி வரைந்தேன். இயக்குநர் அதை வாங்கித் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

நஹூம் வேண்டாம் என்றார். தண்ணீரில் தத்தளிக்கிறவன் முதலில் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும், முகமூடியைப் பார்த்தால் பயந்துவிடுவான் என்றார். ஒப்பந்தத்தில் அவருக்கு அந்த உரிமை இருந்தது. அவர் சொன்னது நியாயம். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; நான் நியாயமாகப் பேசவே விரும்புகிறேன்.

அவர் பெரிதும் பெருமைப்பட்ட பக்கம் ஒன்று இருந்தது. நான்கு கட்டங்கள், ஒரு சொல்லும் கிடையாது. அலைக்கு மேலே ஒரு குழந்தையின் கை. அடுத்ததில் அலைக்காவலன் குனிந்து அந்தக் கையைப் பிடிக்கிறான். பிறகு குழந்தையைத் தலைக்கு மேலே தூக்குகிறான். கடைசியில் குழந்தை அவன் தோளில், இருவரும் சிரிக்கிறார்கள். எபிரேயத்தில் வலப்பக்கத்திலிருந்து வாசிப்பார்கள், கட்டங்களும் அப்படியே போகும். பொங்கலைச் சாப்பிட்டபடி அவர்தான் எனக்கு அதைக் காட்டித் தந்தார். கம்பெனியில் வேறு யாருக்கும் அது தெரியாது. எல்லோரும் கணினியில் தனித்தனிக் கட்டங்களைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள்.

விளம்பரப் பிரிவில் கஜந்தினி என்றொரு பிள்ளை இருந்தாள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அந்தக் கட்டங்களை வரிசையாக ஒட்டி இணையத்தில் போடுவதற்கு முன்னால் என்னிடம் காட்டினாள்.

"றமணன் அண்ணை, இந்த வரிசை, ஓடர் சரியோ?"

அவள் இடப்பக்கத்திலிருந்து அடுக்கியிருந்தாள். முதலில் சிரிப்பு. பிறகு குழந்தை அவன் தலைக்கு மேலே. பிறகு அவன் குனிய, குழந்தை தண்ணீருக்குள். கடைசியில் தனியாக ஒரு கை.

"ஓம்," என்று தலையாட்டினேன்.

நான் ஒரு கோட்டையும் மாற்றவில்லை. கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

போர்ச் செய்தியில் அவர் பிறந்த நாட்டின் பெயர் அடிபடாத நாளே இல்லாத காலம் இது. ஒரு போரிலிருந்து ஓடி வந்தவன் நான். குழந்தையின் கை ஒன்றைக் கண்டால் சனம் என்ன நினைக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டங்கள் அப்படியே இணையத்தில் பரவின. கோபத்தோடு இருந்தவர்கள், குழந்தையைக் கடலில் அமிழ்த்துவதுதான் இவர்களின் வீரன் செய்வது என்றார்கள். அவருடைய சொந்தச் சனமோ, எங்களைக் கொலைகாரராக வரைந்த துரோகி என்றது. யாரோ அவருடைய கதவில் சிவப்புப் பெயின்ட் ஊற்றினார்கள். கஜந்தினியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கம்பெனி நஹூமைக் கைகழுவியது. முகமூடி திரும்பி வந்தது.

அவர் எனக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தார். உனக்குத் தெரியுமே, நீ சொன்னால் நம்புவார்கள் என்பார். நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். அவருடைய குரல் ஒவ்வொரு நாளும் சிறுத்துக்கொண்டு போனது. கேட்க எனக்கு வேதனையாக இருந்தது, ஆனால் என்னால் என்ன செய்ய முடியும்? என் மனைவி பிறேமினியும் கேட்டாள்.

"அந்த மனிசன் பாவம். வலப்பக்கத்தாலை பாக்கவேணும் எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள். ஒருக்கால் அவையளுக்கும் சொல்லிவிடுங்கோவன்."

"இனிச் சொல்லி என்ன," என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பொங்கலோடு போனபோது நஹூம் கோட் போட்டுத் தயாராக நின்றார். அசல் பக்கத்தையே எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போகப் போகிறாராம். டாக்ஸிக்குச் சொல்லியாகிவிட்டது. அந்தப் பிள்ளையையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறார். பாவம், அவளிடம் யார் தவறாகச் சொன்னார்கள் என்று கேட்க வேண்டுமாம். அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாடிப்படி இறங்க வேண்டும், நீ பிடித்துக்கொள் என்று பக்கத்தை என்னிடம்தான் தந்தார்.

படி ஒடுக்கமானது. அவர் முன்னால், நான் பின்னால். நடுப்படியில் அவருடைய கால் தடுக்கியது. நான் தொடவில்லை. அவர் திரும்பி என் பக்கம் கையை நீட்டினார். என் இரண்டு கையிலும் அந்தப் பக்கம் இருந்தது. பழைய தாள், ஒருமுறை கசங்கினால் கசங்கியதுதான். ஒரு கையை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வரைகிறவர்களுக்குத்தான் அது விளங்கும்.

கீழே விழுந்த பிறகும் அவருடைய கை அசைந்துகொண்டிருந்தது. நான் மேலே போய்ப் பக்கத்தை மேசையில் சமமாக விரித்து வைத்தேன். பொங்கலைக் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். டாக்ஸிக்காரன் மணி அடித்தான். போகச் சொல்லி ஜன்னலால் கை காட்டினேன். திரும்பி இறங்கியபோது கை அசையவில்லை. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

பக்கத்தைப் பிறகு நான் எடுத்து வந்துவிட்டேன்; குட்மேய்ஸில் என் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே, இரண்டு அட்டைக்கு நடுவில் இருக்கிறது. எடுக்கிறவர்களை மடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கஜந்தினிக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தால் நல்லது. படத்தின் தொடக்கத்தில் நஹூமின் நினைவாக ஒரு வரி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு மனம் நிறைந்தது. முகமூடி அதற்குப் பிறகுதான் வரும்.

அவரை நான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்களும் இடப்பக்கத்திலிருந்துதான் அடுக்குகிறீர்கள். வலப்பக்கத்திலிருந்து ஒருமுறை பாருங்கள்: கீழே ஒரு கிழவர், நீட்டிய ஒரு கை, படியில் அவரை நோக்கி இறங்கி வரும் நான். காப்பாற்றத்தானே போனேன்.