சித்தியையும் கேட்டு

கனடாவின் மொன்ட்ரியால் நகரில், மொன்ட்ரியால்-நோர் பக்கம் போகும் பஸ்சில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் இருபது வயது கடந்த மகளும் இருந்தார்கள்.

"எல்லாரும் படிக்க இங்க வருகினம். நீ படிக்க உகண்டாவுக்குப் போறன் எண்டுறாய்," என்றார் தாய்.

"ஓம் அம்மா. சமூகப்பணி. அங்க யூனிவர்சிற்றியில இடம் கிடைச்சிட்டுது."

"இங்க இல்லாதது அங்க என்ன இருக்கு?"

"இங்க நான் படிச்சதில குடும்பம் எண்டால் அம்மா, அப்பா, பிள்ளை. அங்க ஒரு பிள்ளைக்குக் கஷ்டம் எண்டால் மாமா, சித்தி, அயலட்டை எல்லாரையும் இருத்திக் கதைக்கப் பழக்கினம். அதைத்தான் நான் படிக்க வேணும்."

தாய் மகளின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நாங்கள் வந்த புதுசில நான் ஆஸ்பத்திரியில கிடந்தன். சித்திதான் உன்னைப் பாத்தவ. வீட்டுக்கு வந்த சோசல் வேர்க்கர் அவவிட்ட ஒண்டும் கேக்கேல்லை. உன்னைத் தெரியாத ஆக்களின்ர வீட்டில கொண்டுபோய் விட்டிட்டினம். நான் சுகமாகி வந்துதான் உன்னைத் திருப்பி எடுத்தனான்."

"தெரியும் அம்மா. சித்தி சொன்னவ."

"நீ உகண்டா போறது அவவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. முதல் உங்களிட்டத்தான் சொல்லுறன்."

தாய் எழுந்து மணியை அழுத்தினார்.

"எங்கட வீடு இன்னும் வரேல்லையே அம்மா."

"சித்தியின்ர வீடு இதிலதானே. அவவையும் கேப்பம்."

"அவ ஓமெண்டுதான் சொல்லுவா," என்றபடி மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள்.