நாலாயிரம் கிலோமீட்டர் ஓடிய டயர்

முதலில் உங்கள் ஜீப்பின் முன் டயரை மாற்றுங்கள், சார். வரும்போது வாசலில் பார்த்தேன், மொட்டைத் தலை மாதிரி வழவழவென்று இருக்கிறது. ஊருக்கெல்லாம் ஃபைன் போடுகிற ஸ்டேஷனுக்கு இது அழகில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் தமிழில் சொல்கிறேன், ஏட்டு வீராசாமி தெலுங்கில் எழுதிக்கொள்ளட்டும். நிதானமாக எழுதட்டும், நான் எங்கும் ஓடிப்போகிறவன் இல்லை.

என் பெயர் இஸ்ரேல். சித்தூரில் இருபத்தாறு வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் சனிக்கிழமை காலையில் சைக்கிள் மிதிக்கிற கிளப் ஒன்று இருக்கிறது. சித்தூர், திருப்பதி இரண்டு ஊரும் சேர்ந்து பதினாறு பேர். ஒட்டிப் பிடித்த டிரவுசர், பாதி முகத்தை மூடுகிற கண்ணாடி, நாடி பார்க்கிற வாட்ச். லட்சக்கணக்கில் கொடுத்து சைக்கிள் வாங்கியவருக்கு டியூப் மாற்றத் தெரியாது. பஞ்சர் ஆனால் ரோட்டோரம் நின்று எனக்குப் போன் போடுவார்கள். நான் இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் பலமநேர் போய்ச் சேராது.

அதனால் கிளப்பில் ஒரு வழக்கம். மொகிலி காட் ரோட்டு மலை வளைவுகளில் இறங்குவதற்கு முன்னால் மேலே இருக்கிற டீக்கடையில் எல்லோரும் சைக்கிளைச் சாய்த்து வைப்பார்கள். நான் ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் சுற்றித் தடவிப் பார்ப்பேன். லாரி டயரிலிருந்து உதிர்ந்த கம்பித் துணுக்கு ஏறியிருந்தால் பிடுங்கி எறிவேன். நான் "போலாம்" என்று சொல்லாமல் ஒருத்தரும் இறங்கமாட்டார்கள். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள், என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சுதீர் டாக்டர் போன வருஷம் சேர்ந்தார். நகரிக்காரர், திருப்பதியில் பல் வைத்தியம். வந்த முதல் வாரமே மெல்லிசான ரேஸ் டயர் மாட்டிக்கொண்டு வந்தார். கையில் எடுத்தால் கனமே தெரியாது. நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: இது வெள்ளைக்காரன் ரோட்டுக்குச் செய்தது, நம் ரோட்டில் கிடப்பது கருவேல முள்ளும் பாட்டில் துண்டும், ஒரு மாசம் தாங்கினால் என் கடையைச் சாத்திவிடுகிறேன். நான் போட்டிருப்பது கனத்த டயர், உள்ளே முள் ஏறாமல் தடுக்கிற பட்டை வைத்தது. கிளப் முழுக்க என் பேச்சைக் கேட்டு அதைத்தான் போட்டிருந்தது. டாக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, லாரி டயரைக் கழட்டி மாட்டிக்கினு வந்துட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சார்.

ஒரு மாசம் போயிற்று. நாலு மாசம் போயிற்று. ஆந்திராவில் இருக்கிற கம்பியும் முள்ளும் அந்த டயரைக் கண்டு ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொருவராக வந்து, "அந்த டாக்டர் டயரே போட்டுடு அண்ணா" என்றார்கள். என் கையாலேயே மாட்டிவிட்டேன். எட்டாவது மாசம் அவர் சைக்கிள் சர்வீசுக்கு வந்தது. டயரைக் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி, லைட்டுக்குக் கீழே வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். நாலாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு ஓட்டை இல்லை, ஒரு கீறல் இல்லை. நியாயமாகப் பார்த்தால் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே புத்தூர் ரோட்டில் பஞ்சர். எனக்கு. கருவேல முள் பட்டையைத் துளைத்துக்கொண்டு ஏறியிருந்தது. பின்னால் வந்த டாக்டர் இறங்கி, தன் கையாலேயே முள்ளைப் பிடுங்கி, காற்றும் அடித்துக் கொடுத்தார். "வுடுண்ணா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். சொல்லவும் இல்லை. கிளப் வாட்ஸ்அப் க்ரூப்பில் போட்டுக் கேலி செய்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட இவர் யார்? வயிறு எரிந்தது, சார். மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை மொகிலியில் எல்லோருக்கும் அவர்தான் டீ சொன்னார். எனக்கு மட்டும் சர்க்கரை கம்மி என்று ஞாபகமாகச் சொன்னார். நான் வழக்கம்போல டயர்களைத் தடவிக்கொண்டு வந்தேன். கடைசியில் அவருடைய முன் டயர். நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் நகத்தின் அளவுக்கு ஒரு கோடு போட்டேன். டியூப் வரை போகவில்லை, டயரைப் பிடித்து வைத்திருக்கிற நூல் மட்டும் அறுந்தது. ஏதோ அந்த நேரத்துக் கோபம் என்று எழுத வேண்டாம், வீராசாமி. பிளேடு வெள்ளிக்கிழமையே பையில் இருந்தது.

"போலாமாண்ணா?" என்றார்.

"போலாம் டாக்டர்" என்றேன்.

மூன்றாவது வளைவில் வெடித்தது. ஓரச் சுவரில் போய் மோதினார். முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "டயருக்கு இன்னாச்சுண்ணா?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் அதைத்தான் கேட்டார்.

"நான் அப்பவே சொன்னேனே டாக்டர்" என்றேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் அவர் சம்சாரம் நளினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க தலபாடா அடிச்சிக்கினீங்களாமேண்ணா, இவுருதான் கேக்கல" என்று அழுதது. பாவம், நல்ல பெண். எனக்கும் கண் கலங்கியது. எங்கள் கிளப்பில் வருகிற, பேங்க்கில் வேலை பார்க்கிற பவ்யாதான் டயரைப் பார்த்துவிட்டு உங்களிடம் கொண்டுவந்தது என்று தெரியும். கல் கிழித்தால் நூல் பிசிறும், பிளேடு கிழித்தால் நேராக இருக்கும். அந்த வித்தையைப் பவ்யாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இல்லாவிட்டால் உங்கள் ஆட்களுக்கு இந்த ஜன்மத்தில் தெரிந்திருக்காது.

எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்று விட்டுப்போகிறது. காரியம் முடிந்த மறுவாரமே கிளப்பில் பதினோரு பேர் அந்த மெல்லிசு டயரைக் கழற்றி எறிந்துவிட்டு என் கடையில் கனத்த டயர் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருத்தர் செத்ததை மட்டும் எழுதினால் எப்படி, சார்? பதினோரு பேரை நான் காப்பாற்றியிருக்கிறேன், அதையும் எழுதச் சொல்லுங்கள்.